ரேஸ் காருக்கு பிளாஸ்டிக் ஜன்னல்: டிராக்கில் சரி, ஆற்றங்கரை ரோட்டில் ஏன் கூடாது?

சென்னை தீவுத்திடலைச் சுற்றி 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் ஃபார்முலா 4 பந்தயம் இரவு வெளிச்சத்தில் நடந்தது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தனது பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. அதன் பிறகு கார் ரேஸ் பற்றிய பேச்சு சென்னை, கோவையோடு நிற்கவில்லை. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கமும் பழைய ஹேட்ச்பேக் ஒன்றை வாங்கி 'டிராக் கார்' ஆக்கிப் பார்க்கும் ஆசை இளைஞர்களிடம் இருக்கிறது.

அந்த ஆசையின் வழக்கமான பட்டியல் இது: பின் சீட்டைக் கழற்று, கார்ப்பெட்டை எடு, அப்புறம் கண்ணாடியைத் தூக்கிவிட்டு லேசான பிளாஸ்டிக் ஜன்னல் போடு. ரேஸ் கார்களில் இது பல ஆண்டுகளாக நடக்கிற வேலைதான். ஆனால் அதே காரை ஞாயிற்றுக்கிழமை டிராக்கிலும் திங்கட்கிழமை ஆபீஸுக்கும் ஓட்டலாமா? கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

இது என்ன பிளாஸ்டிக்?

பெயர் பாலிகார்பனேட். 1953-ல் ஜெர்மனியின் பேயர், அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆகிய இரண்டு நிறுவனங்களிலும் தனித்தனியே கண்டுபிடிக்கப்பட்டது. மாக்ரோலான், லெக்சான் என்பவை அதன் வணிகப் பெயர்கள். கார் பிரியர்கள் சுருக்கமாக 'லெக்சான் ஜன்னல்' என்பார்கள்.

உங்களுக்கு இது புதுசு இல்லை. ஹெல்மெட்டின் முன்கண்ணாடி, சிடி, உங்கள் காரின் ஹெட்லைட் மேல் மூடி எல்லாமே பெரும்பாலும் இதே பொருள்தான். சுத்தியலால் அடித்தாலும் லேசில் உடையாது, வளைந்து கொடுக்கும்.

இன்னொரு பிளாஸ்டிக்கும் கடையில் கிடைக்கும்: அக்ரிலிக். விலை குறைவு, பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆனால் அடிபட்டால் கூர்மையான துண்டுகளாக உடையும், தீயும் எளிதில் பற்றும். பெயர்ப் பலகைக்குச் சரி, கார் ஜன்னலுக்கு வேண்டாம்.

எத்தனை கிலோ குறையும்?

ஒரு கன சென்டிமீட்டர் கண்ணாடியின் எடை சுமார் 2.5 கிராம். பாலிகார்பனேட் 1.2 கிராம். அதாவது பாதிக்கும் குறைவு.

ஒரு சின்ன காரின் பக்க ஜன்னல்களும் பின் ஜன்னலும் சேர்ந்து ஒன்றரை சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 3.2 மி.மீ. கண்ணாடி என்றால் 12 கிலோ. 3 மி.மீ. பாலிகார்பனேட் என்றால் 5.4 கிலோ. மிச்சம் 6.6 கிலோ. பவர் விண்டோ மோட்டாரையும் கழற்றினால் இன்னும் சில கிலோ குறையும்.

டெல்டா கணக்கில் சொன்னால், நெல் கொள்முதல் நிலையத்தில் எடை போடும் 40 கிலோ சிப்பத்தில் ஆறில் ஒரு பங்கு. பெட்ரோல் டேங்கில் ஒன்பது லிட்டர் குறைவாக ஊற்றினாலே கிட்டத்தட்ட இதே எடை குறைந்துவிடும்.

அப்போ ரேஸ் அணிகள் ஏன் இதற்கு மெனக்கெடுகின்றன? இரண்டு காரணங்கள். ஜன்னல் காரின் மேல்பகுதியில் இருக்கிறது. மேலே குறையும் ஒவ்வொரு கிலோவும் காரின் ஈர்ப்பு மையத்தைக் கீழே இறக்கும். வளைவில் கார் சாய்வது குறையும். இரண்டாவது, போட்டி அணிகள் மற்ற எடையையெல்லாம் ஏற்கெனவே குறைத்து முடித்திருக்கும். கடைசியாக மிஞ்சுவது கண்ணாடிதான். பந்தயத்துக்கென்றே போர்ஷே தயாரிக்கும் 911 ஜிடி3 கப் காரின் பக்க ஜன்னல்கள் தொழிற்சாலையிலிருந்தே பாலிகார்பனேட்டாக வருவது இதனால்தான்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு வரிசை வேறு. பின் சீட், ஸ்டெப்னி, சவுண்ட் சிஸ்டம் இவற்றை இறக்கினாலே ஜன்னலை விடப் பல மடங்கு எடை குறையும். அதற்குச் செலவும் இல்லை, திரும்ப மாட்டிக்கொள்ளவும் முடியும்.

பொருத்துவதில் என்ன சிக்கல்?

கண்ணாடியைக் கழற்றி, அதையே அளவாக வைத்து ஷீட்டை வெட்டி, நான்கு போல்ட் போட்டால் முடிந்தது என்று தோன்றும். அங்கேதான் முதல் தப்பு.

பாலிகார்பனேட் வெயிலில் கண்ணாடியைப் போல ஏழு மடங்கு விரியும். ஒரு மீட்டர் நீள ஷீட் 40 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் கிட்டத்தட்ட 2.7 மி.மீ. நீளும். கண்ணாடி அரை மி.மீ. கூட நீளாது. மே மாத மதியம் தஞ்சாவூரில் வெயிலில் நிற்கும் காருக்கு இது சாதாரணம். அதனால் ஓட்டைகளைப் போல்ட்டை விடப் பெரிதாகப் போட்டு, ரப்பர் வாஷர் வைத்து, அளவாக முடுக்க வேண்டும். இறுக்கிவிட்டால் ஓட்டையைச் சுற்றி விரிசல் விடும்.

வேகத்தில் வெளிக்காற்று ஜன்னலை வெளியே இழுக்கும். மெல்லிய ஷீட் வளைந்து பிதுங்கும். பின் ஜன்னல் பிய்த்துக்கொண்டு போகாமல் இருக்க ரேஸ் கார்களில் குறுக்கே உலோகப் பட்டை வைத்துப் பிடிப்பார்கள். இந்த ஜன்னல் கீழே இறங்காது என்பதால் காற்றுக்குத் தனியாக ஒரு சின்னத் தள்ளு கதவோ குழாயோ வேண்டும். நம்ம ஊர் வெயிலில் அது இல்லாமல் உள்ளே உட்காரவே முடியாது.

பெட்ரோல், தின்னர், அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் இவை பட்டாலும் பாலிகார்பனேட்டில் நுண்ணிய விரிசல்கள் படரும். மென்மையான சோப்புத் தண்ணீர் மட்டுமே பாதுகாப்பு.

டெல்டா தூசி என்ன செய்யும்?

பாலிகார்பனேட் உடையாது, ஆனால் சுலபமாகக் கீறல் விழும். மேலே கடினப் பூச்சு உள்ள ஷீட் கொஞ்சம் தாங்கும். பூச்சு இல்லாததை வேட்டித் துணியால் துடைத்தாலே கோடு விழும்.

நம்ம பகுதியில் இது இன்னும் மோசம். தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது ரோட்டிலேயே நெல் காய்கிறது. வைக்கோல் லாரி முன்னால் போகிறது. காற்றெல்லாம் உமித் தூசி. உமியை எரித்தால் அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது ஆற்று மணலில் இருக்கும் அதே பொருள். கண்ணாடியே சிலிக்காவில் செய்தது என்பதால் இந்தத் தூசியைத் தாங்கும். பிளாஸ்டிக் தாங்காது. வைப்பர் ஓடும் முன் கண்ணாடி பிளாஸ்டிக்காக இருந்தால் ஒரே சீசனில் உப்புக் காகிதம் தேய்த்த மாதிரி ஆகிவிடும்.

கீறல் பகலில் பெரிதாகத் தெரியாது. இரவில் எதிரே ஹைபீம் போட்டு ஒரு லாரி வரும்போது ஒவ்வொரு கீறலும் வெளிச்சத்தைச் சிதறடிக்கும். அந்த நேரத்தில் ஓரமாகச் சைக்கிளில் போகிறவர் கண்ணுக்குத் தெரியமாட்டார்.

வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளாகவும் மாறும். சந்தேகம் இருந்தால் பத்து வருஷப் பழைய கார் ஒன்றின் ஹெட்லைட்டைப் பாருங்கள்.

உடையாத ஜன்னல் நல்லதுதானே?

இதுதான் முக்கியமான கேள்வி. ரேஸ் டிராக்கில் உடையாத ஜன்னல் வரம். மோதினால் கண்ணாடித் துகள் ஓட்டுநர் மேல் சிதறாது, டிராக்கிலும் கொட்டாது. உள்ளே இருப்பவர் ஹெல்மெட் போட்டு, பல முனைப் பெல்ட்டில் கட்டப்பட்டு, இரும்புக் கூண்டுக்குள் இருக்கிறார். ஆபத்து என்றால் பயிற்சி பெற்ற மீட்புக் குழு உடனே ஓடிவரும்.

இப்போது தஞ்சாவூருக்கு வாருங்கள். 1934-ல் திறக்கப்பட்ட கல்லணைக் கால்வாய், நாம் புது ஆறு என்று சொல்வது, நகரத்தின் நடுவிலேயே ஓடுகிறது. வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என டெல்டாவில் பல ரோடுகள் ஆற்றங்கரை மேலேயே போகின்றன. பல இடங்களில் தடுப்புச் சுவர் கிடையாது. வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, கல்லணையிலிருந்து தண்ணீர் வந்துவிட்டால் கரை முட்ட ஓடும்.

கார் தண்ணீரில் விழுந்தால் வெளியே உள்ள நீரின் அழுத்தத்தால் கதவைத் திறப்பது கடினம். பவர் விண்டோ எந்த நேரமும் நின்றுபோகலாம். மிஞ்சும் வழி பக்கக் கண்ணாடியை உடைப்பது. பெரும்பாலான கார்களில் பக்க ஜன்னல் டெம்பர்டு கண்ணாடி. கூர்மையான சின்னச் சுத்தியலால் ஓரத்தில் ஒரு தட்டு தட்டினால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். கரையிலிருந்து குதிக்கிறவர் ஒரு கல்லை எடுத்தும் உடைத்துவிடலாம்.

அங்கே போல்ட் போட்டு இறுக்கிய பாலிகார்பனேட் இருந்தால் சுத்தியல் துள்ளித் திரும்பும். கல்லும் அப்படித்தான். டிராக்கில் உயிரைக் காத்த அதே குணம் இங்கே உள்ளே இருப்பவரைப் பூட்டி வைத்துவிடும்.

முன் கண்ணாடிக்கு இன்னொரு வேலையும் உண்டு. சாதாரண காரில் அது பாடியோடு ஒட்டப்பட்டு, கூரைக்குப் பலம் தருகிறது. பல கார்களில் பயணி பக்க ஏர்பேக் விரியும்போது முன் கண்ணாடியில் முட்டித்தான் சரியான இடத்தில் நிற்கிறது. கூண்டு இல்லாத காரில் அதை மாற்றினால் இரண்டும் போச்சு.

சட்டம் என்ன சொல்கிறது?

1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-வது விதி ஜன்னல்களைப் பற்றியது. முன் கண்ணாடி லேமினேட்டட் பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும். மற்ற ஜன்னல்களும் இந்தியத் தர நிர்ணயத்துக்கு உட்பட்ட பாதுகாப்பு வகையாக இருக்க வேண்டும். முன், பின் கண்ணாடிகளில் குறைந்தது 70 சதவீதம், பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதம் வெளிச்சம் ஊடுருவ வேண்டும். கடையில் மீட்டர் கணக்கில் வாங்கி வெட்டிய ஷீட்டில் அந்தத் தர முத்திரை இருக்காது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க முடியும்.

'ஃபெராரி எஃப்40 ரோடு கார்தானே, அதில் பிளாஸ்டிக் பக்க ஜன்னல் இருந்ததே' என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அது 1987-ல் தயாரிப்பாளரே வடிவமைத்துக் கொடுத்த கார். பட்டறையில் நாமாக மாற்றுவது வேறு.

இன்சூரன்ஸ் கைகொடுக்குமா?

வழக்கமான தனியார் கார் பாலிசியில், ஒழுங்கு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்குக் காப்பீடு கிடையாது என்று எழுதியே இருக்கும். அதாவது டிராக்கில் ஆகும் சேதம் உங்கள் செலவு. சொல்லாமல் செய்த மாற்றத்தோடு ரோட்டில் விபத்து நடந்தால், அதைக் காரணம் காட்டி கிளெய்ம் மறுக்கப்படலாம். பாலிசியை ஒருமுறை எடுத்துப் படிப்பது நல்லது.

அப்போ ஆசைப்பட்டவர் என்னதான் செய்வது?

தஞ்சாவூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேக்கும் பல மணி நேரப் பயணம். டிராக்கில் சில லேப், ரோட்டிலோ மணிக்கணக்கில். ஜன்னலை எதற்காகத் தேர்வு செய்வது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

அதே காரில் போய், ஓட்டி, அதே காரில் திரும்புவது என்றால் கண்ணாடியைத் தொடாதீர்கள். சீட், ஸ்டெப்னி போன்றவற்றை டிராக்கில் இறக்கி வைத்துவிட்டு, ஓட்டி முடித்து மறுபடி மாட்டிக்கொள்ளுங்கள். நல்ல பிரேக் பேட், புது பிரேக் ஆயில், தரமான டயர் இவற்றுக்குச் செலவு செய்தால் ஆறு கிலோ குறைத்ததை விட அதிக நேரம் மிச்சமாகும்.

ரோட்டுக்கே வராத, லாரியில் ஏற்றிக் கொண்டுபோகிற முழு ரேஸ் கார் என்றால் பாலிகார்பனேட் போடலாம். ஆனால் முதலில் இரும்புக் கூண்டு, ரேஸ் சீட், பெல்ட், தீயணைப்பான்; அதற்குப் பிறகுதான் ஜன்னல். இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ ஒவ்வொரு பிரிவுக்கும் தனி விதி வைத்திருக்கிறது. உங்கள் பிரிவில் எந்த ஜன்னலை மாற்றலாம், எவ்வளவு தடிமன் வேண்டும் என்று பார்த்துவிட்டுத்தான் ஷீட் வாங்க வேண்டும். ஓட்டுநர் எப்படி வெளியே வருவார் என்பதையும் பொருத்துவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

இதற்கு நடுவில் மூன்றாவது வகை கார் ஒன்று கிடையாது. கழற்றிய கண்ணாடியை வீட்டுப் பரணில் வைத்துவிட்டு புது ஆற்றங்கரையில் ஓட்டும் கார், டிராக் காரும் இல்லை, ரோடு காரும் இல்லை.