தொலைவிலிருந்து திறக்கும் கதவு

"அவன் கம்ப்யூட்டர்லயே இருந்துச்சாமே!" செயல்பாட்டாளர் ஒருவர் கைதானதும் டீக்கடையிலிருந்து தொலைக்காட்சி விவாதம் வரைக்கும் காதில் விழுகிற முதல் பேச்சு இதுதான். அதோடு விவாதம் முடிந்துபோகிறது. சாட்சி விலை போவான், போலீஸ் பொய்க்கேஸ் போடும் என்பதெல்லாம் ஊரறிந்த சங்கதி. ஆனால் மிஷின் பொய் சொல்லுமா? இந்தக் கேள்வியைப் படிக்காதவர்களைவிடப் படித்தவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். மிஷின் பொய் சொல்லாதுதான். ஆனால் தன்மேல் பட்டது யார் கை என்று சொல்லவும் அதற்குத் தெரியாது. நாம் பேச வேண்டியது அந்தக் கையைப் பற்றி.

நம் மாணவத் தோழர்கள் பலருக்கு இது பழக்கமான விஷயம். எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரி ஒரு மென்பொருளை இரண்டு கணினியிலும் போட்டுக்கொண்டால் போதும். ஓசூரில் உட்கார்ந்தபடி திருநெல்வேலியில் இருக்கிற கம்ப்யூட்டருக்குள் நுழையலாம். அந்தப் பக்கத்துத் திரையில் தெரிகிற எண்ணை இந்தப் பக்கம் தட்ட வேண்டும். அங்கே இருப்பவர் 'சரி' என்று அனுமதிக்க வேண்டும், அல்லது முன்பே வைத்த கடவுச்சொல்லை நாம் கொடுக்க வேண்டும். உள்ளே போய்விட்டால் அப்புறம் எல்லாம் நம் இஷ்டம். கோப்பு திறக்கும், புதுக் கோப்பு முளைக்கும், பழையது அழியும். அத்தனையும் பதிவாவது பெரும்பாலும் வீட்டுக்காரர் பெயரில். கணினிக்கு ஆளைத் தெரியாது, கணக்கைத்தான் தெரியும்.

இதனால் நன்மை இல்லாமல் இல்லை. பழுதுபார்க்கிறவர் வீட்டுக்கு வராமலே பழுதுபார்க்கிறார், அலுவலகத்துக்குப் போகாமலே வேலை நடக்கிறது. ஆனால் 'பேங்கிலிருந்து பேசறோம், இந்த ஆப்பை ஏத்துங்க, அந்த ஒன்பது எண்ணைச் சொல்லுங்க' என்று கேட்டுக் கணக்கைத் துடைத்தெடுத்ததும் இதே வழியில்தான். 2019 பிப்ரவரியில் எனிடெஸ்க் பெயரைச் சொல்லியே ரிசர்வ் வங்கி எச்சரித்தது. அங்கேயாவது ஒரு எண்ணை ஏமாற்றிக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. எதையுமே கேட்காமல் நுழைகிற வகை ஒன்று இருக்கிறது. அதன் பெயர்களில் ஒன்று நெட்வயர். 2012 வாக்கிலிருந்து 'தொலை நிர்வாகக் கருவி' என்ற கௌரவமான பெயரோடு வெளிப்படையாகவே விற்கப்பட்டது. திரையைப் பார்க்கும், தட்டுகிற எழுத்தையெல்லாம் குறித்துக்கொள்ளும், கடவுச்சொல்லைத் திருடும், கோப்பை எடுக்கும், கோப்பை வைக்கும். அதை விற்றுவந்த இணையதளத்தை அமெரிக்கக் காவல்துறை முடக்கியது 2023 மார்ச்சில்தான். அதற்குள் வேண்டிய வேலை நடந்து முடிந்திருந்தது.

எங்கே நடந்தது?

1818 ஜனவரி 1 அன்று பீமா கோரேகானில் பேஷ்வா படையை எதிர்த்து நின்றவர்களில் மகர் வீரர்கள் கணிசமாக இருந்தார்கள். 1927இல் அண்ணல் அம்பேத்கர் அந்த நினைவுத் தூணுக்குப் போனார். அதன் இருநூறாவது ஆண்டு நாளில், 2018 ஜனவரி 1 அன்று, அங்கே திரண்ட தலித் மக்கள் தாக்கப்பட்டார்கள். அடிபட்டவர்கள் ஒரு பக்கம் இருக்க, புனே போலீசின் வழக்கு வேறு திசையில் போனது. முந்தின நாள் புனேயில் நடந்த எல்கர் பரிஷத் மாநாட்டுக்குப் பின்னால் மாவோயிஸ்ட் சதி இருக்கிறது என்றார்கள், பிரதமரைக் கொல்லத் திட்டம் என்றார்கள். மொத்தம் 16 பேர் கைதானார்கள். நாக்பூரின் தலித் வழக்கறிஞர் சுரேந்திர காட்லிங், 'வித்ரோஹி' என்ற சிற்றிதழை நடத்திய சுதிர் தாவலே, சாதியைப் பற்றி இடைவிடாமல் எழுதிவந்த ஆனந்த் டெல்டும்ப்டே ஆகியோரும் அதில் அடக்கம். டெல்டும்ப்டே சரணடைந்த நாள் 2020 ஏப்ரல் 14. அம்பேத்கர் பிறந்த நாள்.

ஆதாரம்? தில்லியில் ரோனா வில்சன் வீட்டில் 2018 ஏப்ரல் 17 அன்று எடுத்துப்போன கணினியில் கிடைத்த கடிதங்கள். அந்தக் கணினியின் பிரதியை எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் வாங்கி, அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் என்ற தடயவியல் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். 2021 பிப்ரவரியில் அதன் அறிக்கை வெளிவந்தது. 2016 ஜூன் 13 அன்று, தெரிந்தவர் ஒருவரின் மின்னஞ்சல் கணக்கிலிருந்து வந்த இணைப்பை வில்சன் திறந்திருக்கிறார். அதிலிருந்து 22 மாதம் அந்தக் கணினி வேறொருவர் பிடியில் இருந்தது. வழக்கின் முக்கியமான 10 கடிதங்களும் நெட்வயர் வழியாக ஒரு மறைவான கோப்புறைக்குள் இறக்கப்பட்டவை. அந்தக் கணினியில் அவற்றை யாரும் ஒருமுறைகூடத் திறந்து படித்ததற்குத் தடயம் இல்லை. அவற்றில் சில, வில்சன் கணினியில் இருந்ததைவிடப் புதிய வேர்டு மென்பொருளில் செய்யப்பட்டவை. இதெல்லாம் அந்த அறிக்கை சொல்வது. காட்லிங்கின் கணினியிலும் இதே கதைதான், இதே ஆசாமிதான் என்றது அடுத்து வந்த ஓர் அறிக்கை.

2022 டிசம்பரில் ஸ்டான் சுவாமியின் கணினி பற்றிய அறிக்கை வந்தது. திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்தவர் அவர். அவர் கணினிக்குள் அந்நியர் நுழைந்தது 2014இல். போலீஸ் அதை எடுத்துப்போனது 2019 ஜூன் 12 அன்று. அதற்கு முந்தின நாள், ஜூன் 11, உள்ளே இருந்த ஆசாமி தன் தடயங்களை அவசரமாக அழித்திருக்கிறார் என்கிறது அறிக்கை. நாளைக்கு ரெய்டு என்று அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்? தோழர்களே, இந்த ஒரு கேள்விக்கு யாராவது பதில் சொல்லட்டும், மற்றதையெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

அந்த ஆள் யார் என்று ஆர்சனல் சொல்லவில்லை. எங்கள் சோதனையில் தீய மென்பொருள் எதுவும் கிடைக்கவில்லை என்று தேசியப் புலனாய்வு முகமை மறுத்தது. சரி, இரண்டு ஆய்வு, இரண்டு முடிவு. எது சரி என்று நீதிமன்றம் சோதித்துப் பார்க்கட்டும் என்றுதான் நாமும் சொல்கிறோம். எப்போது சோதிக்கும் என்பதில்தான் சூட்சுமம். உபா சட்டத்தின் 43டி(5) பிரிவின்படி, குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மைபோலத் தெரிந்தாலே பிணை கிடையாது. பிணைக் கட்டத்தில் ஆதாரத்தை எடைபோட்டுப் பார்க்கக்கூடாது என்று 2019இல் உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டது. கோப்பு இருந்தது, போதும். வைத்தது யார் என்பதை விசாரணையில் பார்த்துக்கொள்ளலாம். விசாரணை எப்போது? வில்சனும் தாவலேவும் 2018 ஜூனில் உள்ளே போனார்கள். பிணை கிடைத்தது 2025 ஜனவரியில். நடுக்குவாத நோயோடு, தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் கேட்டு நீதிமன்றப் படியேறிய ஸ்டான் சுவாமி 2021 ஜூலை 5 அன்று 84 வயதில் காவலிலேயே செத்துப்போனார். தன் கணினியைப் பற்றிய அறிக்கையை அவர் பார்க்கவே இல்லை.

நமக்கு இதொன்றும் புதிதில்லை. சேரிக்குள் கஞ்சா பொட்டலத்தோடு வந்து, அதையே 'கண்டுபிடித்து' எடுத்துப்போன கதைகள் எல்லா மாவட்டத்திலும் உண்டு. ஆனால் அந்தப் பொட்டலத்தைக் கொண்டுவர ஓர் ஆள் தெருவுக்குள் நடந்து வந்தாக வேண்டும். கிழவி பார்ப்பாள், சின்னப்பிள்ளை பார்க்கும், நாய் குரைக்கும். இப்போது ஆளே வர வேண்டாம். பார்த்த சாட்சி இல்லாத தெரு அது. முன்பு போலீஸ் சாட்சி பொய் என்று சொல்ல நமக்கு ஒரு வாய் இருந்தது. இப்போது 'விஞ்ஞானம்' என்ற பெயரில் அந்த வாயையும் அடைக்கிறார்கள்.

இதற்குச் சட்டத்தில் மருந்து இருக்கிறது என்பார்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவுப்படி மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழில் ஹேஷ் மதிப்பைக் குறிக்க வேண்டும். ஹேஷ் என்பது கோப்புக்கு எடுக்கிற கைரேகை மாதிரி. ஓர் எழுத்து மாறினாலும் அது மாறிவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது சொல்வதெல்லாம், கைப்பற்றி ரேகை எடுத்த பிறகு யாரும் கைவைக்கவில்லை என்பதை மட்டும்தான். அதற்கு முன்னால் 22 மாதம் உள்ளே குடியிருந்தவனைப் பற்றி ஹேஷ் ஒரு வார்த்தை சொல்லாது. திருடன் வைத்துவிட்டுப் போன பொருளுக்கு அரக்கு முத்திரை போட்டுப் பத்திரப்படுத்துகிற மாதிரிதான் இது.

ஆகவே நாம் கேட்க வேண்டியது வேறு. கணினியில் கோப்பு இருந்தது என்று காட்டினால் போதாது, அதைக் கணினிக்காரர்தான் எழுதினார், வைத்தார், திறந்தார் என்று அரசுத் தரப்பு காட்ட வேண்டும். வெளியிலிருந்து யாரும் நுழையவில்லை என்று அரசுக்குக் கட்டுப்படாத ஓர் ஆய்வுக்கூடம் சொல்ல வேண்டும். அதுவும் பிணை மனு வரும்போதே சொல்ல வேண்டும், ஆறு வருஷம் கழித்து அல்ல. கைப்பற்றிய அன்றே முழுப் பிரதி எதிர்த்தரப்புக்குத் தரப்பட வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. தோழர் பெயரில் வந்த இணைப்பானாலும் போன் போட்டுக் கேட்காமல் திறக்காதீர்கள், வில்சனுக்கு வந்ததும் தெரிந்தவர் கணக்கிலிருந்துதான். தொலைவிலிருந்து நுழையும் மென்பொருள் தேவைப்பட்டால் போடுங்கள், வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். நிரந்தரக் கடவுச்சொல் வைத்துக் கதவைத் திறந்தே போடாதீர்கள். கோப்புகளின் பிரதியைத் தேதியிட்டு, வலையோடு சேராமல், வேறோர் இடத்தில் வையுங்கள். பின்னால் முளைத்த கோப்பு எது என்று காட்ட நாளைக்கு அது ஒன்றுதான் நம் சாட்சியாக நிற்கலாம். சாதனத்தை எடுக்க வந்தால் மகஜரில் ஹேஷ் மதிப்பை எழுதச் சொல்லிக் கேளுங்கள், மறுத்தால் மறுத்ததை எழுதச் சொல்லுங்கள்.

இதைப் படித்துவிட்டுப் பயந்துபோய் எழுதுவதை நிறுத்தினால், உள்ளே நுழைந்தவன் நினைத்தது அப்படியே நடந்துவிடும். எழுதுவோம். அடுத்தமுறை யாராவது "அவன் கம்ப்யூட்டர்லயே இருந்துச்சாமே" என்று சொன்னால், "வச்சது யாரு?" என்று அங்கேயே திருப்பிக் கேட்போம்.