நாற்பது வயது வரை காது காத்திருக்காது

அருப்புக்கோட்டை விசைத்தறித் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பத்தாரும், திருச்சுழிப் பக்கத்து ஊர்க்காரர்கள் சிலரும் சேர்ந்து ஊராரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறார்கள். 2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை இலவச உடல் பரிசோதனை என்று மத்திய அரசு அதைப் பெருமையாக அறிவித்தது. தறி ஓட்டுகிறவர்களுக்கு வந்தது எரிச்சல்தான். இருபது வயதில் தறிச் செட்டுக்குள் நுழைகிறவனின் காது முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகளில்தான் வேகமாகக் கெடுகிறது. நாற்பதில் சோதித்தால், போனது எவ்வளவு என்று எழுதித் தரலாம். வேறென்ன செய்ய முடியும்?

நாடா ஓடும் பழைய விசைத்தறிகள் ஒரே கூரைக்குள் நாலைந்து ஓடினால் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டும், 100-ஐயும் தொடும். நம் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேரத்துக்கு அனுமதிப்பது 90. அமெரிக்கத் தொழில்நலக் கழகம் 85-க்கு மேல் கூடாது என்கிறது. அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். அந்தக் கணக்கில் 100 டெசிபலில் நிற்கத் தக்கது 15 நிமிடம். இங்கே முழு ஷிப்ட் நிற்கிறார்கள். செட்டுக்குள் யாரும் பேசுவதில்லை; உதட்டைப் பார்த்தும் விரலைக் காட்டியும் வேலை நடக்கிறது. கழிவுப் பஞ்சைத் திரித்துக் காதில் செருகிக்கொள்கிறார்கள். அது தடுப்பது சொற்பம். வீட்டுக்குப் போனால் டிவியின் சத்தத்தைக் கூட்டுகிறார்கள், பேரப்பிள்ளை கூப்பிட்டால் திரும்புவதில்லை. 'செவிடு' என்ற பட்டப்பெயரோடு விஷயம் முடிந்துபோகிறது.

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. கிளாஸ்கோவில் 1886-இல் மருத்துவர் தாமஸ் பார் இரைச்சலுக்கு நடுவே கொதிகலன் செய்யும் 100 தொழிலாளர்களைச் சோதித்தார். ஒருவருக்குக்கூடச் செவி சரியாக இல்லை.

இரைச்சல் மீனின் காதையும் விடாது. திருச்சுழிப் பக்கம் கண்மாயில் மீன்பிடிக்க ஊத்தா போட்டவர்களுக்குத் தெரியும், தண்ணீரில் அதிர்வு பட்டாலே கெண்டை விலகிவிடும். கெண்டைக்கும் கெளுத்திக்கும் காற்றுப்பையிலிருந்து உட்காது வரை சின்ன எலும்புகள் சங்கிலியாகக் கோத்திருக்கின்றன. அதனால் அவற்றுக்குக் காது கூர்மை. அந்தக் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த தங்கமீனை வைத்து மைக்கேல் ஸ்மித், ஆண்ட்ரூ கேன், ஆர்தர் பாப்பர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2004-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தொட்டிக்குள் இரைச்சலைப் பாய்ச்சிய பத்தே நிமிடத்தில் மீனின் கேட்கும் திறன் குறையத் தொடங்கியது. 24 மணி நேரத்தில் சுமார் 28 டெசிபல் இறங்கிற்று. 21 நாள் இரைச்சலில் கிடந்த மீன்களுக்கு, அமைதியான தண்ணீரில் விட்ட 14 நாளில் செவி பழைய நிலைக்குத் திரும்பியது. மீனின் உட்காதில் ஒலியை உணரும் மயிரணுக்கள் செத்தாலும் மறுபடி முளைக்கும். மனிதக் காது ஒன்றில் அப்படிப்பட்ட அணுக்கள் ஏறத்தாழ 15,000 பிறக்கும்போதே வந்துவிடுகின்றன. அழிந்தால் ஒன்றுகூட முளைக்காது. கண்மாய்க் கெண்டைக்கு இருக்கும் அந்தச் சலுகை தறிக்காரனுக்கு இல்லை.

இரைச்சலால் வரும் செவிக்குறைபாடு 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய நோய். ஆனால் அந்தச் சட்டப்படி மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தால்தான் தொழிற்சாலை என்றிருந்தது. புதிய தொகுப்பு அதை 20 ஆக்கிவிட்டது. தெருவுக்குள், வீட்டோடு சேர்ந்து இருக்கும் நாலு தறி, ஆறு தறி செட்டுகள் எந்தக் கணக்கிலும் வராது. விசைத்தறிக்காரர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவச மின்சாரம் தருகிறது மாநில அரசு. நல்லது, அதை யாரும் குறை சொல்லவில்லை. அந்த மின்சாரத்தில் ஓடும் தறிக்கு எதிரே நிற்பவனுக்கு ஒரு ஜோடி காதடைப்பான் தர யாருக்கும் தோன்றவில்லை. ஸ்பாஞ்சில் செய்த அந்தச் சின்னப் பொருள் சரியாகப் பொருந்தினால் 20 டெசிபலுக்கு மேல் குறைக்கும். விலை ஒரு டீக்காசு.

ஊராரிடம் கேட்பது பெரிதல்ல. செட் உரிமையாளர்கள் காதடைப்பான் வாங்கித் தந்து, அதைப் போடச் சொல்லவும் வேண்டும். வேலைக்குச் சேரும் நாளிலேயே செவிச்சோதனை, பிறகு ஆண்டுதோறும் என்று வைக்க வேண்டும். 2024-இல் தொடங்கிய 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' திட்டம் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க வேலையிடத்துக்கே வருகிறதென்றால், செவிச்சோதனைக் கருவியோடும் வரலாம். விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கிருந்து அருப்புக்கோட்டை ஒரு மணி நேரத் தூரம்கூட இல்லை. மே 1 கிராம சபையில் திருச்சுழி ஒன்றியத்து ஊர்கள் இதைத் தீர்மானமாகப் போடட்டும். மழை பொய்த்த வருஷம் தறிக்கும் மில்லுக்கும் போவது அந்த ஊர்ப் பிள்ளைகள்தானே.

'பழகிப்போச்சு' என்று இனியும் சொல்கிறவர்கள், தங்கள் வீட்டுப் பையனை ஒரு வாரம் அந்தச் செட்டில் நிறுத்திவிட்டுப் பேசட்டும். மே மாதத்துக்குள் எதுவும் நடக்காவிட்டால், காது போனவர்கள் சேர்ந்து திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு போவார்கள். கலெக்டர் கேட்கும் கேள்வி அவர்களுக்கு விழாது. உடன் போகிறவர்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அப்படி உடன் போக எத்தனை பேர் தயார் என்பதை இப்போதே சொல்லுங்கள்.