ஸ்டீயரிங் ஆடினால் முதலில் திருகைத் தொடாதீர்கள்

1997-இல் நாமக்கல் தனி மாவட்டம் ஆகும்வரை நமக்கெல்லாம் சேலம்தான் தலைநகரம். தாசில்தார் வந்தாலும் யூனியன் ஆபீஸ் அதிகாரி வந்தாலும் ஜீப்பில்தான் வருவார்கள். 1940களின் கடைசியில் மகிந்திரா கம்பெனி பம்பாயில் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பைக் கோத்து விற்க ஆரம்பித்தது. அந்த வம்சத்து வண்டிகள் நம் பக்கத்துத் தோட்டங்களில் இன்னும் ஓடுகின்றன. என்னைப் போன்ற ரிட்டயர் ஆன ஆட்களுக்கு அதன்மேல் ஒரு பிரியம்.

அந்தப் பிரியத்தோடு ஒரு கெட்ட பழக்கமும் சேர்ந்து வந்திருக்கிறது. ஸ்டீயரிங்கை நாலு விரற்கடை திருப்பிய பிறகுதான் சக்கரம் அசைகிறது. கேட்டால், "ஜீப்புன்னா அப்படித்தாங்க ஆடும், ஓட்டிப் பழகிடுச்சு" என்கிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வண்டிக்காரர் பழகியிருக்கலாம், எதிரே வருகிறவர் பழகவில்லையே!

இன்னொரு கூட்டம் பட்டறைக்குப் போகிறது. அங்கே ஸ்டீயரிங் பாக்ஸ் மேலே இருக்கும் திருகை இரண்டு சுற்று முறுக்கி அனுப்பிவிடுகிறார்கள். ஐந்து நிமிட வேலை, ஆட்டமும் குறைந்த மாதிரி இருக்கும். 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகும் நாளில் இந்த வைத்தியம் ரொம்பப் பிரசித்தம்.

ஏன் தப்பு என்கிறேன்? வண்டி பெரும்பாலும் நேராகத்தான் ஓடுகிறது. அதனால் பாக்ஸுக்குள் இருக்கும் வார்ம் நடுப்பகுதியில்தான் அதிகம் தேயும். இரண்டு ஓரமும் அவ்வளவாகத் தேயாது. நடுவில் ஆட்டம் போகும்வரை முறுக்கினால், ஓரத்துக்குத் திருப்பும்போது இறுகிப் பிடிக்கும். எனக்குத் தெரிந்த தோட்டக்காரர் ஒருவர் இப்படி முறுக்கிய வண்டியில் பேரப்பிள்ளைகளோடு கொல்லிமலை போய்விட்டு இறங்கினார். அங்கே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வரவில்லை. இழுத்துப் பிடித்துத் திருப்பியதால் தப்பினார்கள்.

உண்மையில் ஆட்டம் ஒரே இடத்தில் இருப்பதில்லை. டிராக் லிங்க், நடுவில் இருக்கும் பெல் கிராங்க், டை ராட் எண்டுகள், கிங் பின், வீல் பேரிங், பட்டை ஸ்பிரிங்கின் புஷ் என்று ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருகிறது. பாக்ஸை சேஸிஸோடு பிடிக்கும் போல்ட் லூஸாக இருந்தாலும் இதே கதைதான்.

கண்டுபிடிக்க பெரிய மிஷின் வேண்டாம், இரண்டு பேர் போதும். இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஒருவர் ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டட்டும். இன்னொருவர் குனிந்து ஒவ்வொரு மூட்டாகக் கைவைத்துப் பார்க்கட்டும். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் நின்றால் தேய்ந்த மூட்டு அதுதான். பிறகு முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கீழே ஸ்டாண்டு கொடுத்து, மேலும் கீழும் பிடித்து உலுக்குங்கள். பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின் பக்கம் பாருங்கள்.

தேய்ந்ததை மாற்றி, அலைன்மென்ட் பார்த்த பிறகும் ஆட்டம் மிச்சமிருந்தால் அப்போது திருகைத் தொடலாம். அதுவும் சக்கரத்தை நேராக வைத்து, டிராக் லிங்க்கைக் கழற்றிவிட்டு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை எங்கும் பிடிக்காமல் சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டே முறுக்க வேண்டும். உடைந்த ஸ்டீயரிங் கம்பிக்கு வெல்டிங் வைப்பது மட்டும் எந்தக் காலத்திலும் கூடாது.

லாரி கட்டுவதில் நாமக்கல்லுக்கும் சங்ககிரிக்கும் இருக்கும் பேர் ஊரறிந்தது. கைத்தொழில் தெரிந்த ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. "முறுக்கி விடப்பா" என்று நாம் கேட்பதால்தான் அவர்களும் முறுக்கி விடுகிறார்கள். இனி போகும்போது, "எங்கே ஆடுதுன்னு காட்டு தம்பி, அப்புறம் கை வை" என்று சொல்லுங்கள். அரைநாள் கூலி கூடுதலாக ஆகும். கொடுங்கள், தப்பில்லை.