தரையைத் தொடாத குதிகால்

கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணிக்குத் திருவண்ணாமலையே மலை உச்சியைப் பார்த்து நிற்கும். போன தீபத்துக்கு எங்கள் ஓவிய நண்பர் மலைக்கு முதுகு காட்டி நின்றார். 2,668 அடி உயரத்தில் சுடர் எழுந்தபோது அவர் கண் ஒரு சிறுமியின் கால்களில் இருந்தது. எக்கி நின்றவளின் குதிகால்கள் தரையைத் தொடவில்லை. ஒரு கை அம்மாவின் முந்தானையை இறுக முறுக்கிப் பிடித்திருந்தது.

குழந்தைகளின் உணர்வுகளைப் பற்றிய படப்புத்தகம் ஒன்றை அவர் வரைந்துகொண்டிருக்கிறார். அதுவரை பயத்துக்கு அகன்ற கண், மகிழ்ச்சிக்கு விரிந்த வாய் என்றுதான் போட்டிருந்தார். அலைபேசியில் நாம் அனுப்பும் மஞ்சள் முகங்கள் போல. அன்றிரவு அவற்றை ஒதுக்கிவிட்டு அந்தக் காலையும் கையையும் மட்டும் வரைந்தார். முகம் இல்லை. பக்கத்து வீட்டு ஐந்து வயதுக்காரி பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பாப்பாவுக்குப் பயமா இருக்கு. ஆனா பாக்கணும்னு ஆசையாவும் இருக்கு."

உள்ளத்தில் எழுவது உடம்பில் தெரிவதைத் தொல்காப்பியர் மெய்ப்பாடு என்றார். எட்டு மெய்ப்பாடுகளை வகுத்து, ஒவ்வொன்றும் பிறக்கும் நான்கு நிலைக்களன்களையும் தந்தார். அவர் கணக்கில் இழிவுபட்டு அழுவது வேறு, இழந்து அழுவது வேறு. வகுப்பில் எல்லார் முன்பும் திட்டு வாங்கிய பிள்ளையும் நாய்க்குட்டியைப் பறிகொடுத்த பிள்ளையும் ஒரே மாதிரி அழுவதில்லை. ஏன் அழுகிறது என்று தெரியாமல் கண்ணீரை வரைய முடியாது.

1963இல் வெளிவந்த மாரிஸ் செண்டாக்கின் 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்' படப்புத்தகத்தில், அம்மாவிடம் கோபித்துக்கொண்ட சிறுவன் மேக்ஸின் கற்பனை வளர வளரப் படமும் பக்கத்தில் வளர்கிறது. உச்சத்தில் சொற்களே இல்லை. கோபம் தணிந்து அவன் வீடு திரும்பும்போது படம் மீண்டும் சிறுக்கிறது. கோபப்படாதே என்று அவனுக்கு யாரும் உபதேசிப்பதில்லை.

நாம் உபதேசிக்கிறோம். சொல்லே போதும் என்று கதையை முடித்து, பக்கம் கட்டி, அச்சுக்குப் போகும் வாரத்தில் ஓவியரைத் தேடுகிறோம். எங்கள் சிறுவர் பக்கங்களிலும் அந்தத் தவறு நடந்திருக்கிறது. அடுத்த இதழிலிருந்து எழுதுபவரும் வரைபவரும் முதல் நாளே சேர்ந்து உட்காருவார்கள். இருவர் பெயரும் ஒரே அளவு எழுத்தில் வரும். பயத்தையும் ஆசையையும் ஒரே படத்தில் படித்துவிடுகிற பிள்ளைக்கு நாம் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை அது.

— ஆசிரியர்