வரம்பு 55, புகாருக்கு 65: ஒலி மாசு விதியில் ஒளிந்திருக்கும் பிளஸ் ஒன் கணக்கு

குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் நாடு முழுவதற்கும் வகுத்த வரம்பு இது. ஆனால் அதே விதிகளில் 7-வது விதியைப் புரட்டினால் ஒரு சங்கதி தட்டுப்படும். சத்தம் வரம்பைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ கூடினால்தான் புகார் கொடுக்கலாம் என்கிறது அது. பக்கத்து மண்டபத்து ஸ்பீக்கரால் பகலில் உங்கள் ஜன்னலில் 64 டெசிபல் பதிவானால் அது மீறல்தான். ஆனால் இந்தக் கணக்குப்படி புகாருக்குப் போதாது.

‘வெறும் 10 தானே?’ என்று கேட்கலாம். டெசிபலை ரூபாய், கிலோமீட்டர் மாதிரி எண்ணுவதால் வரும் குழப்பம் இது. பிளஸ் ஒன் இயற்பியலில் அலைகள் பாடத்தில் பலரும் தாண்டிப்போன ‘லாக்’ கணக்குதான் டெசிபல். 3 கூடினால் ஒலிச்செறிவு இரு மடங்கு, 10 கூடினால் 10 மடங்கு, 20 கூடினால் 100 மடங்கு. ஆக, சட்டம் தரும் சலுகை 10 மடங்கு ஒலிக்கு!

காதுக்கு அது 10 மடங்காகத் தெரியாது, சுமார் இரண்டு மடங்கு சத்தமாகத்தான் கேட்கும். சிக்கலே அங்கேதான். ஹெட்போனில் 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபல் என்றால்? 4 மணி நேரம்தான்.

பாதி ஸ்பீக்கரை எடுத்துட்டா?

திருவிழா, பொதுக்கூட்டம் என்றால் வழக்கமாக நடக்கும் சமரசம் இது. ஒரே மாதிரி 10 ஸ்பீக்கர்கள் சேர்ந்து உங்கள் வீட்டில் 80 டெசிபல் தருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஐந்தை அணைத்தால் 40 ஆகாது, 77 ஆகும். வித்தியாசம் காதுக்குச் சரியாகத் தெரியக்கூட தெரியாது. ஒன்பதை அணைத்தாலும் 70-தான். பஞ்சாயத்து பேசியவர்களுக்குத் திருப்தி, தூங்க வேண்டியவருக்கு ஒன்றும் மாறியிருக்காது.

தூரக் கணக்கும் இதே கதைதான். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். 1 மீட்டரில் 100 டெசிபல் தரும் ஸ்பீக்கர் 10 மீட்டரில் 80, 100 மீட்டரில் 60 தரும். 55-க்கு இறங்க சுமார் 178 மீட்டர் வேண்டும். இரவு வரம்பான 45-க்கு 560 மீட்டர். மருத்துவமனையைச் சுற்றிய அமைதி மண்டலம் 100 மீட்டர்தான், அங்கே பகல் வரம்பு 50. எல்லைக்கு வெளியே நியாயமாகக் கட்டிய ஸ்பீக்கர்கூட வார்டில் 10 டெசிபல் கூடுதலாகக் கேட்கும். குறுக்கே கட்டடம் இருந்தால் குறையும், தெருவின் இரு பக்கச் சுவர்களும் எதிரொலித்தால் கூடும்.

இரவு 10 முதல் காலை 6 மணி வரை கதை வேறு. திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்கே தடை என்பதால், அதை மீறினாலே புகார் கொடுக்கலாம். 10 டெசிபல் கூடியிருக்கிறதா என்று பார்க்கத் தேவையில்லை. ஆனால் விழா நாட்களில் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு அனுமதி தரலாம், ஆண்டுக்கு அதிகபட்சம் 15 நாட்கள். அந்த நாட்களில் மறுபடி டெசிபல் கணக்குதான். போன் ஆப் காட்டும் எண் தோராயமானது. அளவீடு சரிபார்த்த மீட்டரோடு அதிகாரி வருவதற்குள் பாட்டு முடிந்துவிடுவதும் உண்டு.