ரெண்டு யூனிட்டுக்கு ரெண்டு பசங்க!

மக்களே, இது ஒரு புலம்பல் பதிவு. டாக்டருங்க யாராவது படிச்சா பின்னூட்டத்துல வந்து கும்மலாம், தப்பில்லை.

எங்க உத்தனப்பள்ளி பக்கம் ஒரு பாட்டிக்கு இடுப்பு மூட்டு மாத்துற ஆபரேஷன்னு தேதி குறிச்சாச்சுன்னா, வீட்டுல முதல் வேலை ரத்தம் கொடுக்க ரெண்டு பசங்களைப் பிடிக்கிறது. ஓசூர் கம்பெனியில நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்தவனை எழுப்பி பெங்களூரு பஸ்ல ஏத்திடுவாங்க. (தூங்காதவன்கிட்ட ரத்தம் எடுக்கக் கூடாதுங்கறது தனிக்கதை.) இப்படி ‘ஆளுக்கு ஆள்’ ரத்தம் கேக்கறதை ஒழிக்கணும்னு தேசிய ரத்தக் கொள்கை சொன்னது 2002-ல!

ஆனா என் கோபம் வேற. பாட்டிக்கு ஹீமோகுளோபின் எவ்வளவுன்னு ஒரு மாசம் முன்னாடியே ஒருத்தரும் கேக்கறதில்லை. 2019-21 தேசிய குடும்பநல சர்வேபடி, தமிழ்நாட்டுல 15-49 வயசுப் பெண்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகை. பாட்டிங்க அந்தக் கணக்குலயே இல்லை. 13-ல ஆரம்பிச்சு 3 குறைஞ்சா 10, சமாளிக்கலாம். 9-ல ஆரம்பிச்சு 3 குறைஞ்சா? இத்தனைக்கும் தொடைக்குள்ளயே தேங்குற ரத்தம் வெளிய தெரியவே தெரியாது. இரும்புச்சத்து மாத்திரையோ, நாள் பத்தலைன்னா ஊசியோ போட்டு முன்னாடியே ஏத்தியிருக்கலாம். விழுந்து எலும்பு முறிஞ்சவங்களுக்கு அப்படிக் காத்திருக்க முடியாது, சரி. தேதி குறிச்சு பண்ற ஆபரேஷனுக்கு என்ன சாக்கு?

அடுத்தது டிரானெக்ஸாமிக் ஆசிட். மாதவிடாய்ல ரத்தப்போக்கு அதிகமானா கொடுக்கற அதே மருந்துதான். 1960-கள்ல ஜப்பான்ல உடாகோ ஒகாமோட்டோன்னு ஒரு அம்மாவும் அவங்க கணவரும் கண்டுபிடிச்சது. உறைஞ்ச ரத்தம் சீக்கிரம் கரைஞ்சுடாம பாத்துக்கும். கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி போட்டா, மூட்டு ஆபரேஷன்ல ரத்தம் ஏத்த வேண்டிய அவசியமே நல்லா குறையுது. விலையும் மலிவு. வலிப்பு, ரத்தக்கட்டி தொந்தரவு உள்ளவங்களுக்கு டாக்டர் யோசிச்சுத்தான் போடுவார். மத்தவங்களுக்குப் போடுவீங்களான்னு நாம கேக்கலாமே?

நம்ம ஆளுங்களும் லேசுப்பட்டவங்க இல்லை. “ரெண்டு பாட்டில் ஏத்துங்க டாக்டர், தெம்பா இருக்கும்”னு நச்சரிக்கிறதே நாமதான். ரத்தம் என்ன குளுக்கோஸா? இடுப்பு எலும்பு முறிவுக்கு ஆபரேஷன் ஆன, இதய நோயோ அதுக்கான வாய்ப்போ உள்ள 2016 பேரை வச்சு ஒரு ஆய்வு, 2011-ல வெளியாச்சு. 10-க்குக் கீழ போனதுமே ஏத்தினவங்களும், 8-க்குக் கீழ போனாலோ அறிகுறி தெரிஞ்சாலோ மட்டும் ஏத்தினவங்களும் ரெண்டு மாசம் கழிச்சு நடக்கறதுல, உயிர் பிழைக்கறதுல வித்தியாசமே இல்லை. ஒரு யூனிட் ஏத்தினா சுமாரா 1 கூடும். ஒண்ணு ஏத்திட்டு, பாத்துட்டு அடுத்ததைப் பத்தி யோசிக்கறதுல என்ன கஷ்டம்?

ரத்தமே ஏத்தாதீங்கன்னு சொல்லலைங்க. நெஞ்சு வலி, மூச்சு வாங்கறது, நிக்காத ரத்தப்போக்குன்னா ஏத்தித்தான் ஆகணும், ரத்தம் கையிருப்புலயும் இருக்கணும். ராயக்கோட்டை ரோட்டுல முகாம் போடுங்க, நானே முதல் ஆளா வந்து படுக்கறேன். பாட்டியோட ஆபரேஷன் தேதிதான் எனக்கு அழைப்பிதழா வரணுமா?