முதற் படத்துக்குக் கதை எங்கே?

படம் எடுக்கக் காசில்லை என்று ஓர் இளைஞர் கூறினால் அதனை நான் உடனே நம்புவேன். கதை கிடைக்கவில்லை என்று கூறினால் நம்பச் சிறிது தயங்குவேன்.

கண்டி நகரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் குறும்படம் எடுக்கும் ஆசை பிள்ளைகளிடம் பெருகியிருக்கிறது. எங்கள் பிலிமத்தலாவையிலேயே மூன்று நான்கு கோஷ்டியினர் உளர். கையடக்கத் தொலைபேசி ஒன்றே கமராவாகவும், படத்தை வெட்டி ஒட்டும் மேசையாகவும், திரையிடும் கொட்டகையாகவும் ஆகிவிட்ட காலத்தில் ஆசை பெருகியதில் வியப்பில்லை. வியப்பெல்லாம் அவர்கள் எழுதிக்கொண்டு வரும் கதைகளைப் பார்க்கும்போதுதான் உண்டாகிறது. பெரும்பாலான கதைகளில் துப்பாக்கி வருகிறது. பிலிமத்தலாவைச் சந்தியில் இடுப்பிலே துப்பாக்கி செருகித் திரியும் தாதா எவரையும் நான் இந்நாள்வரை கண்டதில்லை. துப்பாக்கி வராத கதையிலோ கதாநாயகன் கனடாவிலிருந்து விமானத்தில் வந்து இறங்குகிறான். விமான நிலையத்தை எங்கே எடுப்பீர்கள் என்று கேட்டால், "அதுதான் சேர் பிரச்சினை" என்று தலையைச் சொறிகிறார்கள்.

இதனை வேடிக்கையாக மட்டும் எடுத்துக்கொள்வதற்கில்லை. சென்ற ஆண்டு ஒரு பையன், வாடகைக் கமராவுக்காகத் தாயின் சங்கிலியை அடகு வைக்கத் துணிந்துவிட்டான். தடுத்தபோது, "சத்தியஜித் ரேயும் மனைவியின் நகையை அடகு வைத்துத்தானே 'பதேர் பாஞ்சாலி' எடுத்தார்?" என்று எனக்கே பாடம் சொன்னான். உண்மைதான். ஆயின் ரே அடகு வைத்தது கதை கைக்கு வந்து பல ஆண்டுகள் சென்ற பின்னர். விபூதிபூஷண் எழுதிய அந்த நாவலின் சுருக்கப் பதிப்புக்கு அவர் 1940களிலேயே சித்திரம் வரைந்திருந்தார். காட்சிகளை ஒவ்வொன்றாகத் தாளிலே தீட்டி வைத்திருந்தார். அப்படியிருந்தும் பணம் போதாமல் படப்பிடிப்பு நின்று நின்று நடந்து, முடிவில் மேற்கு வங்க அரசாங்கம் கைகொடுத்த பின்னரே படம் 1955இல் வெளிவந்தது. நம் பையனிடத்திலோ நகை முந்துகிறது, கதை பிந்துகிறது.

அதே ரே 1964இல் எடுத்த குறும்படம் ஒன்று உண்டு. பெயர் 'இருவர்'. பெரிய வீட்டிலே தனியாக இருக்கும் செல்வச் சிறுவன் ஒருவன். சன்னலுக்கு வெளியே குடிசைச் சிறுவன் ஒருவன். ஏழைப் பிள்ளை குழல் ஊதினால் பணக்காரப் பிள்ளை அதனிலும் உரத்துச் சத்தமிடும் பொம்மையைக் கொண்டுவருகிறான். அவன் பட்டம் விட்டால் இவன் காற்றுத் துப்பாக்கியால் அதைச் சுட்டு வீழ்த்துகிறான். படம் முழுவதிலும் ஒரு வார்த்தை பேச்சுக் கிடையாது. இரண்டு பிள்ளைகள், ஒரு சன்னல், சில விளையாட்டுப் பொருள்கள். இவ்வளவே சரக்கு.

ஈரான் நாட்டு அப்பாஸ் கியாரொஸ்தமி 1970இல் எடுத்த முதற் படமோ இதனினும் சிறிய சரக்கில் செய்யப்பட்டது. 'ரொட்டியும் சந்தும்' என்று அதனைத் தமிழில் சொல்லலாம். ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பும் சிறுவனை ஒடுங்கிய சந்து ஒன்றிலே நாய் மறிக்கிறது. யாராவது துணைக்கு வருவார்களா என்று நிற்கிறான். கிழவர் ஒருவர் வருகிறார்; அவர் பின்னே ஒட்டிக்கொண்டு நடக்கிறான்; அவரோ பாதி வழியில் வேறு பக்கம் திரும்பிவிடுகிறார். கடைசியில் ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்துப் போடுகிறான். நாய் நண்பனாகி வீட்டு வாசல்வரை கூடவே வந்து, கதவு சாத்தியதும் அங்கேயே படுத்துக்கொள்கிறது. அப்பொழுது இன்னொரு சிறுவன் கையில் பாத்திரத்துடன் அவ்வழியே வருகிறான். ஏறக்குறைய 10 நிமிடத்தில் முடியும் படம். நாயைக் கண்டு சந்திலே நின்ற அனுபவம் நம்முள் யாருக்குத்தான் இல்லை? அதனைக் கதையென்று மதித்தவர் ஒருவர் தேவைப்பட்டார், அவ்வளவே.

இவ்விரு படங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது யாதெனில், காசில்லாதவன் முதலில் கதையைத் தேடலாகாது. தன் கையில் இருப்பவை எவை என்று கணக்கெடுக்க வேண்டும். எந்த வீட்டுக்குள் கேளாமலே நுழையலாம்? எந்தக் கிழவி கமராவைக் கண்டு கூசமாட்டாள்? எந்த வழியில் காலை ஆறரை மணிக்கு ஆள் நடமாட்டம் இராது? எந்தப் பொருள் இலவசமாகக் கிடைக்கும்? கணக்கு முடிந்த பின், அந்த ஆளுக்கும் அந்தப் பொருளுக்கும் நடுவே ஒரு சிறு தடையை வைத்தால் கதை தானே அசையத் தொடங்கும். வறுமை இங்கே சல்லடைபோல் உதவுகிறது. விமான நிலையமும் துப்பாக்கியும் மேலே தங்கிவிடும். நமக்கு வேண்டியது கீழே விழும்.

பிலிமத்தலாவையில் கணக்கெடுப்பதானால் பொருளுக்குப் பஞ்சமில்லை. கொழும்பு வீதியோரம் நெடுக வரிசையாக நிற்கும் பித்தளைக் கடைகளைப் பார்க்காமல் கண்டிக்குப் போனவர் இலர். அக்கடை ஒன்றிலே நாள் முழுவதும் குத்துவிளக்குத் துலக்கும் பையன், தன் வீட்டில் எந்த விளக்கின் முன் படிக்கிறான் என்று கேட்டால் அங்கே ஒரு படம் இருக்கிறது. சற்று உள்ளே சென்றால் கடலாதெனிய விகாரை. 1344ஆம் ஆண்டில் எழுந்தது. அதன் தலைமைச் சிற்பி கணேஸ்வராச்சாரி என்னும் தென்னாட்டுக்காரர். இளைஞர்களுக்கு அங்கே பாட்டுக் காட்சி எடுக்க ஆசை. தொல்பொருள் சார்ந்த இடங்களில் அனுமதியின்றி முக்காலியை ஊன்றலாகாது. புகையிரதப் பாதையிலோ அனுமதி கேட்கவும் வேண்டாம். அந்த ஆசையையே விட்டுவிடுவது நன்று. உயிரைக் கொடுத்து எடுக்கவேண்டிய காட்சி என்று ஒன்று சினிமாவில் இல்லை.

மழையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திரா, பள்ளிச் சிறுவனாய்ச் சுற்றுலா வந்தபோது கித்துள்கலையில் 'குவாய் நதிப் பாலம்' படமாக்கப்படுவதைக் கண்டார் என்பதும், டேவிட் லீன் குரல் கொடுத்ததும் செயற்கை மழை கொட்டியதைப் பார்த்து மலைத்துப்போனார் என்பதும் அவர் பலமுறை சொன்ன செய்தி. லீனிடம் மழையை வரவழைக்கப் பணம் இருந்தது. நம்மிடம் மழையே இருக்கிறது. காத்திருக்கும் பொறுமையும், தொலைபேசியைச் சுற்ற ஒரு பொலித்தீன் உறையும் இருந்தால் போதும். அந்தப் பாலு மகேந்திராதான் பிற்காலத்தில் 'கதை நேரம்' என்ற பெயரில் தமிழ்ச் சிறுகதைகளைத் தொலைக்காட்சிக்காகச் சிறு படங்களாக எடுத்துக் காட்டினார். ஆகவே சொந்தக் கதை கிடைக்காதவர்கள் என்.எஸ்.எம். இராமையாவையும் தெளிவத்தை ஜோசப்பையும் எடுத்துப் படிக்கலாம். படமாக்குவதானால் உரியவரிடம் இசைவு பெறுவது முறை. இசைவு கிடைக்காவிட்டாலும் படித்தது வீண்போகாது.

தமிழ்நாட்டில் 2009இல் கலைஞர் தொலைக்காட்சி தொடங்கிய 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியிலிருந்து கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி போன்றோர் பெரிய திரைக்குப் போனதை நம் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். நல்லதே. ஆனால் அதன்பின் குறும்படம் என்பது கோடம்பாக்கத்துக்கு அனுப்பும் விண்ணப்பம் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. விண்ணப்பம் எழுதுகிறவன் தன்னைப்பற்றி எழுதமாட்டான். அலுவலகத்துக்கு எது பிடிக்கும் என்று எண்ணித்தான் எழுதுவான். நம் நாட்டு லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1949இல் இங்கிலாந்தில் ஒரு சிறு பரிசோதனைப் படத்தோடு தொடங்கி, பின்னர் அரசாங்கத் திரைப்படப் பிரிவில் சேர்ந்து, 1955இல் வீதி விபத்தைப் பற்றிக்கூட ஒரு படம் எடுத்துக் கொடுத்தார். அடுத்த ஆண்டே 'ரேகாவ' வந்தது. வீதி விபத்தைப் பற்றி எடுத்தோமே என்று அவர் நாணியதாகத் தெரியவில்லை.

இனி, என் மனத்தை உறுத்தும் வேறொரு படத்தைச் சொல்லவேண்டும். 1934இல் பசில் ரைட் என்னும் ஆங்கிலேயர் 'சொங் ஒவ் சிலோன்' எடுத்தார். தேயிலைப் பிரசாரத்துக்கென்று எடுக்கப்பட்டும் அது உலகப் புகழ் பெற்றது. காட்சிகளை இங்கே பிடித்து, ஒலியை இலண்டனில் சேர்த்தார்கள். கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய 19 ஆண்டுகள் சிறையிருந்த ரொபட் நொக்ஸின் நூலிலிருந்து பகுதிகளை லயனல் வென்ட் வாசித்தார். படமும் ஒலியும் வெவ்வேறாகப் பிறந்து பின்னர் மணந்துகொள்ளலாம் என்பதற்கு அதனை விஞ்சிய பாடம் இல்லை. நல்ல ஒலிவாங்கி இல்லாத நம் பிள்ளைகள் அவசியம் பார்க்கவேண்டும். ஆனால் வாணிபத்தைப் பற்றிய பகுதியில், பெண்கள் கொழுந்து பறிக்கும்போது நம் காதில் விழுவன சந்தை விலையும் வர்த்தகக் கடித வாசகமும். பறிப்பவள் வாய் திறப்பதில்லை. மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டு நிறைந்ததை 2023இல் நினைவுகூர்ந்தோம். அப்பெண் வாய் திறக்கும் படங்களை எடுத்தவர் இன்றும் சிலரே. அவளுடைய பேத்தி கையில் இப்பொழுது ஒரு கமரா இருக்கிறது. அவள் துப்பாக்கிக் கதை எழுதுகிறாள் என்றால் எனக்கு வருத்தமாகத்தானே இருக்கும்?

அருகிலுள்ள தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, பாழடைந்த பங்களாவில் பேய் உலவும் கதையொன்றைக் கொண்டுவந்தாள். அந்த வாரம் ஒருநாள் அவள் வகுப்புக்கு வரவில்லை. காரணம் கேட்டேன்.

"ஆபீசிலயிருந்து அம்மாயிக்கு ஒரு கடிதம் வந்துச்சு சேர். சிங்களத்தில. நாலு பேர்கிட்ட கொண்டு போய்க் காட்டினாங்க. நாலு பேரும் நாலு விதமாச் சொன்னாங்க."

"யார் அந்த நால்வர்?"

கோயில் ஐயர் ஒரு சொல்லை மட்டும் கண்டுபிடித்து, காணி விஷயம் என்றாராம். ஓட்டோ ஓட்டும் பையன், பணம் கட்டச் சொல்கிறார்கள் என்று கலக்கிவிட்டானாம். மூன்றாமவர் வீதியோரத்துக் கடை முதலாளி. சிங்களப் பெரியவர். கடிதத்தை முழுவதும் படித்துவிட்டார். ஆனால் அதனைச் சொல்ல அவரிடம் தமிழ் இல்லை. கையைக் காட்டி, நாட்காட்டியைக் காட்டி, தாளில் எழுதிக் காட்டி, கடைசியில் ஒரு பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்து அம்மாயியை உட்காரவைத்தாராம். நான்காவதாக இவளே லீவு போட்டுவிட்டு, அகராதியை வைத்துக்கொண்டு வாசித்தாளாம்.

"என்ன எழுதியிருந்தது?"

"பேர்ல ஒரு எழுத்துப் பிழையாம் சேர், வந்து திருத்தச் சொல்லி. ஆனா வரச் சொன்ன தேதி ரெண்டு நாளைக்கு முந்தியே போயிருச்சு."

அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தால் தமிழும் ஆட்சிமொழியாகியது 1987இல். இதனை அவள் படத்தில் சொல்லவேண்டியதே இல்லை. கிழவியின் கையிலிருக்கும் தாள் சொல்லும். பேய் பங்களாவிலிருந்து ஓடிப்போகட்டும், இதை எடு என்றேன்.

எடுப்பதற்கு என்ன வேண்டும்? ஒரு கிழவி, ஒரு குடை, ஒரு கடிதம், லயத்திலிருந்து பெரிய வீதிக்கு இறங்கும் பாதை, ஒரு கடை. பேச்சு மிகக் குறைவு. மூன்று காலைப்பொழுதில் முடிந்துவிடும். கடிதம் மடங்கி விரியும் ஒலியைப் பின்னர் அறைக்குள் வைத்துத் தொலைபேசியிலேயே நெருக்கமாகப் பதிந்துகொள்ளலாம். உண்மைக் கடிதத்தைத் திரையில் காட்டவேண்டாம். அதில் அம்மாயியின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் இருக்கின்றன. வேறொன்று எழுதிக்கொள் என்றேன். இரண்டு விஷயங்களில் அவளுக்கும் எனக்கும் விவாதம் நடந்தது. கடை முதலாளியைக் கொஞ்சம் கடுமையானவராகக் காட்டினால் விறுவிறுப்பாக இருக்கும் என்பது அவளுடைய கட்சி. அவர் கெட்டவரல்லர் என்பதனாலேயே இந்தக் கதை கனக்கிறது என்பது என் கட்சி. நல்ல மனமுடைய இருவர் ஒரு பெஞ்சில் அருகருகே அமர்ந்தும் ஒரு தாளைக் கடக்க முடியவில்லை. அந்தத் தேநீர்க் காட்சி ஒன்றுக்காகவே நான் அப்படத்தைப் பார்ப்பேன். இதில் அவள் இணங்கிவிட்டாள்.

கடிதத்தில் இருப்பதைப் பார்ப்பவருக்குச் சொல்லிவிடலாமா என்பது மற்றது. அவள் சொல்லாமலே முடிக்க விரும்புகிறாள். தேதி கழிந்துவிட்டது என்பது தெரிந்தால்தான் அம்மாயி நடந்த நடை நம் நெஞ்சில் உறைக்கும் என்று நான் எண்ணுகிறேன். படம் அவளுடையது, அவள் முடிவுப்படியே போகட்டும்.

அம்மாயியின் சம்மதம் எளிதில் கிடைக்கவில்லையாம். "அந்தக் கடுதாசிய நாலு பேரு வாசிச்சுக் கேட்டாச்சு, இன்னொரு தடவை எதுக்கு?" என்றாராம். பிறகு இணங்கியிருக்கிறார், ஒரு நிபந்தனையோடு. தீபாவளிக்கு எடுத்த சேலையைத்தான் உடுத்துவாராம். படத்திலே தோன்றும்போது பழஞ்சேலையில் தோன்றினால் ஊர் என்ன சொல்லும் என்பது அவர் வாதம். மலைக்குப் போகும் சேலைதான் வேண்டும் என்கிறாள் பேத்தி. வரும் போயா விடுமுறையன்று முதற் காட்சி எடுப்பதாக ஏற்பாடு. சேலை வழக்கு இன்னும் தீரவில்லை.